பப்பில் நடக்கும் பாடம்!

லண்டனில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்குப் போன் செய்கிறான்.

"இன்று மாலை என்னப்பா வேலை?" என்று அம்மா கேட்கிறாள்.

"ஒரு கூட்டம் இருக்கிறது, அம்மா. எங்கள் தொழில்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பப்பில் நடக்கிறது" என்கிறான் பிள்ளை.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது! பப் என்றால் மது விற்கும் இடம் அல்லவா? அங்கே என்ன கூட்டம்? பிள்ளை கெட்டுப் போய்விட்டானோ?

இப்படிப் பதறுவது இயற்கை. பெற்ற மனம் அப்படித்தான் இருக்கும். ஆனால், பதறுவதற்கு முன்னால் அந்தக் கூட்டம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

பப் என்பது என்ன?

இங்கிலாந்தில் பல ஊர்களில் பப் உண்டு. "பப்ளிக் ஹவுஸ்" என்ற பெயரைச் சுருக்கி "பப்" என்கிறார்கள். "பொது வீடு" என்று பொருள்.

அங்கே பீர் விற்பார்கள். மற்ற மது வகைகளும் உண்டு. அதோடு சாப்பாடும் கிடைக்கும். பல பப்களில் காபி, டீ, எலுமிச்சைப் பானமும் கிடைக்கும்.

குடிப்பதற்காக மட்டும் மக்கள் அங்கே போவதில்லை. பேசுவதற்கும் போகிறார்கள். கால்பந்துப் பந்தயத்தைச் சேர்ந்து பார்க்கிறார்கள். பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள்.

உலகம் முழுவதும் ஆடுகிற கால்பந்து ஆட்டத்தின் விதிகளைத் தொகுத்த சங்கம் எங்கே பிறந்தது, தெரியுமா? லண்டனில் "ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன்" என்ற மது விடுதியில்தான் பிறந்தது. 1863-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி பல கால்பந்துக் குழுக்களின் ஆட்கள் அங்கே கூடினார்கள். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ஆகவே, பப்பில் கூட்டம் போடுவது அந்த நாட்டில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் தொழில்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டனுக்குப் பின்னால் ஒரு மொழி

பப்பில் கூடுகிற இவர்கள் யார்? வெப்சைட் கட்டுகிறவர்கள். இவர்கள் பேசுவது எதைப் பற்றி? "ஜாவாஸ்கிரிப்ட்" என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி!

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தினமும் நீங்கள் அதைப் பயன்படுத்துகிறீர்கள்.

செல்போனில் ரெயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். பெயர் எழுதுகிறீர்கள். வயது எழுதுகிறீர்கள். போன் நம்பர் எழுத மறந்து விடுகிறீர்கள். பட்டனை அழுத்துகிறீர்கள். உடனே, "போன் நம்பர் எங்கே?" என்று சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி வருகிறது. அப்படிக் கேட்க வைப்பது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்தான்.

ஒரு வெப்சைட்டை வீட்டுக்கு ஒப்பிடலாம். சுவரும் கூரையும் வேறு ஒரு மொழியில் எழுதப்படும். வண்ணமும் அலங்காரமும் இன்னொரு மொழியில் எழுதப்படும். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதே, அந்த வேலைக்குத்தான் ஜாவாஸ்கிரிப்ட். அது இல்லாவிட்டால் வீடு நிற்கும், விளக்கு எரியாது!

பத்தே நாளில் பிறந்தது!

இந்த மொழி பிறந்த கதை சுவையானது.

1995-ம் ஆண்டு. அமெரிக்காவில் "நெட்ஸ்கேப்" என்ற கம்பெனி இருந்தது. இணையத்தைப் பார்ப்பதற்கான பிரவுசரை அது தயாரித்தது. அங்கே பிரெண்டன் ஐக் என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். "உடனே ஒரு சிறிய மொழி வேண்டும்" என்றார்கள் முதலாளிகள். மே மாதத்தில், பத்தே நாளில், அவர் முதல் வடிவத்தைச் செய்து கொடுத்தார்!

அதற்கு முதலில் "மோக்கா" என்று பெயர். பிறகு "லைவ்ஸ்கிரிப்ட்" என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் "ஜாவாஸ்கிரிப்ட்" என்று மாற்றினார்கள். அப்போது "ஜாவா" என்ற வேறொரு மொழி புகழ் பெற்றிருந்தது. அந்தப் புகழின் நிழலில் இதுவும் நிற்கட்டும் என்று எண்ணினார்கள். பெயர் ஒத்துப்போனாலும் இரண்டும் வேறு வேறு மொழிகள்.

பத்து நாளில் பிறந்த குழந்தைக்குச் சில கோணல்கள் இருக்கத்தானே செய்யும்? ஜாவாஸ்கிரிப்டிலும் இருந்தன. இன்னும் இருக்கின்றன. சில சமயம் எண்ணைக் கூட்டச் சொன்னால், எழுத்தைப் போல ஒட்டி வைத்துவிடும். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று வராமல், பதினொன்று என்று வந்து நிற்கும்!

1997-ம் ஆண்டு "எக்மா" என்ற அமைப்பு இந்த மொழிக்கு எழுத்து மூலமான விதிகளை வெளியிட்டது. இந்த அமைப்பு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் இருக்கிறது. 2015-ம் ஆண்டு முதல், ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது.

ஆண்டுக்கு ஒரு பதிப்பு! நேற்று படித்தது இன்று பழசாகிறது. கல்லூரியில் படித்ததை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். யாரிடம் படிப்பது?

தனியாக உட்காரும் தொழில்

கொத்தனார் வேலையைப் பாருங்கள். பெரிய கொத்தனார் சுவர் எழுப்புவார். சின்னப் பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான். கையைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொள்வான். தையல் கடையிலும் அப்படித்தான். சமையல் கட்டிலும் அப்படித்தான்.

கம்ப்யூட்டர் வேலை வேறு மாதிரி. நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. சிறிய கம்பெனி என்றால், இந்த வேலை தெரிந்த ஆள் அங்கே ஒருவர்தான் இருப்பார். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று முதலாளி நினைப்பாரோ என்ற பயம் வேறு!

இந்தப் பயம் பொல்லாதது. கேட்காமலே இருந்தால் தவறு வளரும். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுக்கும். ராத்திரி தூக்கம் போகும்.

முதலாளி இல்லாத இடம் வேண்டும். பரீட்சை இல்லாத இடம் வேண்டும். "எனக்குத் தெரியவில்லை" என்று வெட்கப்படாமல் சொல்லக்கூடிய இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடமாகத்தான் இந்தப் பப் கூட்டங்கள் வந்தன.

கூட்டம் எப்படி நடக்கும்?

மாதத்தில் ஒரு நாளைக் குறித்து வைப்பார்கள். இரண்டாம் வியாழன், கடைசிப் புதன் என்பது போல. பெரும்பாலும் வார நாளாக இருக்கும். வார நாளில் பப்பில் கூட்டம் குறைவு. ஆகவே, மாடி அறையைக் கொடுக்கக் கடைக்காரரும் சம்மதிப்பார். வந்தவர்கள் வாங்கிச் சாப்பிட்டால் அவருக்கும் வியாபாரம்.

முறையான தலைவர் கிடையாது. மாலை கிடையாது. பொன்னாடை கிடையாது. நுழைவுக் கட்டணமும் பல இடங்களில் கிடையாது. வருகிறவர்கள் தங்கள் காசில் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

லண்டனில் "பப் ஸ்டாண்டர்ட்ஸ்" என்ற பெயரில் இப்படி ஒரு மாதக் கூட்டம் நடந்து வந்தது. "வெப் ஸ்டாண்டர்ட்ஸ்" என்பது வெப்சைட் கட்டுவதற்கான பொது விதிகளின் பெயர். அதையே கேலியாகத் திருப்பி, "பப் ஸ்டாண்டர்ட்ஸ்" என்று வைத்தார்கள்! அங்கே மேடைப் பேச்சு இல்லை. சும்மா பேசிக்கொண்டிருப்பதுதான் நிகழ்ச்சி!

வேறு சில ஊர்களில், முதலில் ஐந்து அல்லது பத்து நிமிடப் பேச்சுகள் இருக்கும். ஒருவர் தாம் கண்டுபிடித்த சிறு தந்திரத்தைச் சொல்வார். இன்னொருவர் தம் வேலையில் வந்த பெரிய குழப்பத்தைச் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். "எனக்கும் அப்படித்தான் ஆயிற்று!" என்பார்கள்.

ஒரு மூலையில் ஒருவர் மடிக் கம்ப்யூட்டரைத் திறப்பார். "இது ஏன் ஓடமாட்டேன் என்கிறது?" என்று கேட்பார். நாலு தலைகள் திரையை நோக்கிக் குனியும். "அந்த மூன்றாவது வரியைப் பார்" என்று ஒருவர் விரலை வைப்பார். மூன்று நாள் மர்மம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும்!

வேலை தேடுகிறவருக்கு அங்கே வேலை கிடைப்பதும் உண்டு. ஆள் தேடுகிறவர் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பார். மனுப் போடாமலே பேச்சு முடிந்துவிடும்.

ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் எப்படிக் கூடுகிறார்கள்? அதற்கும் இணையமே வழி செய்தது. 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் நகரில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. அந்தத் துயரத்தில், அதுவரை பேசாத அக்கம்பக்கத்தார் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினார்கள். இதைக் கண்ட ஸ்காட் ஹெய்ஃபர்மன் என்பவர், "ஒரே ஊரில் ஒரே ஆசை உள்ளவர்கள் கூடுவதற்கு ஒரு வழி செய்வோம்" என்று எண்ணினார். அவரும் நண்பர்களும் 2002-ல் "மீட்டப்" என்ற சேவையைத் தொடங்கினார்கள். பல ஜாவாஸ்கிரிப்ட் கூட்டங்களின் தேதியும் இடமும் அதன் வழியாகவே ஊராருக்குத் தெரிந்தன.

கூடியதால் விளைந்தது

"கூடிப் பேசுவதால் என்ன பெரிய லாபம்?" என்று சிலர் கேட்கலாம்.

லாபம் உண்டு. மூன்று சம்பவங்களைச் சொல்லுவோம். இவை பப்பில் நடந்தவை அல்ல. ஆனால், தொழில்காரர்கள் தாங்களாகக் கூடிய கூட்டங்களில் நடந்தவை.

முதல் சம்பவம்: 1975-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. அமெரிக்காவில் மென்லோ பார்க் என்ற ஊர். ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில், கம்ப்யூட்டர் பித்துப் பிடித்த சிலர் கூடினார்கள். "ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்" என்று பெயர். அங்கே வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர். அந்தக் கூட்டம் மூட்டிய ஆர்வத்தில் அவர் ஒரு கம்ப்யூட்டர் செய்தார். அதன் வரைபடத்தைக் கிளப் நண்பர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். அதுதான் "ஆப்பிள்-1". அடுத்த ஆண்டு ஆப்பிள் கம்பெனி பிறந்தது!

இரண்டாவது சம்பவம்: 2006-ம் ஆண்டு ஜனவரி. நியூயார்க்கில் "பார்கேம்ப்" என்ற கூட்டம். அங்கே கேட்பவர், பேசுபவர் என்ற வேற்றுமை இல்லை. யார் வேண்டுமானாலும் பேசலாம். ஜான் ரெசிக் என்ற இளைஞர் அங்கே "ஜேகுவெரி" என்ற கருவியை வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்டைச் சுலபமாக எழுதுவதற்கான கருவி அது. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான வெப்சைட்டுகளில் அது புகுந்துவிட்டது.

மூன்றாவது சம்பவம்: 2009-ம் ஆண்டு நவம்பர். ஜெர்மனியில் பெர்லின் நகரம். ஜாவாஸ்கிரிப்ட் மாநாடு ஒன்று நடந்தது. ரயன் டால் என்ற இளைஞர் "நோட்" என்ற தம் படைப்பைக் காட்டினார். அதுவரை ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் பிரவுசருக்குள் அடைந்து கிடந்தது. நோட் அதை வெளியே கொண்டுவந்து, பெரிய கம்ப்யூட்டர்களிலும் ஓடவிட்டது. கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்!

இந்த மூவரும் தனியாகத்தான் உழைத்தார்கள். ஆனால், செய்ததைக் காட்டுவதற்கு நாலு பேர் கூடிய இடம் இருந்தது. புரிந்துகொண்டு கைதட்ட ஆள் இருந்தார்கள். ஒரு தொழிலாளிக்கு அது பெரிய ஊக்கம்.

முகம் தெரியாதவர் கையில் சாவி

இந்தத் தொழிலில் இன்னொரு விசேஷம் உண்டு. வெப்சைட் கட்டுகிறவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. யாரோ எழுதி, இலவசமாக வெளியிட்ட துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். செங்கல் ஒருவருடையது, கதவு ஒருவருடையது, தாழ்ப்பாள் வேறொருவருடையது. எழுதியவரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை!

இதில் ஆபத்தும் உண்டு. 2018-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

"ஈவென்ட் ஸ்ட்ரீம்" என்று ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்று இருந்தது. வாரத்துக்கு லட்சக்கணக்கான தடவை அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதை எழுதியவருக்கு அதனால் வருமானம் இல்லை. அவருக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. அப்போது முகம் தெரியாத ஒருவர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினார். எழுதியவரும் நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வந்தவர் திருடர்! மின் நாணயம் வைத்திருப்பவர்களின் பணத்தைத் திருடும் வரிகளை உள்ளே ஒளித்து வைத்துவிட்டார். நவம்பர் மாதத்தில் வேறு சிலர் தற்செயலாகக் கவனித்து, குட்டை உடைத்தார்கள்.

பப்பில் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்தால் திருடர் எல்லாரும் பிடிபட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. நல்லவர்போல் பேசும் திருடர் நேரிலும் உண்டு. ஆனால், அந்தத் துண்டை எழுதியவர் எப்படி நின்றார் என்று பாருங்கள். தனியாக நின்றார். பாரம் தாங்காமல், முதலில் வந்து கேட்டவரிடம் கொடுத்தார். நேரில் பழகிய நாலு பேர் இருந்தால், "எனக்கு முடியவில்லை, யாராவது கை கொடுங்கள்" என்று சொல்லலாம். நண்பர் ஒருவர் பொறுப்பை ஏற்கலாம். இந்தத் தொழிலில் பழக்கம் என்பது பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு பாதுகாப்பு.

கோப்பைக் கணக்கு

இது வரை நல்லதைச் சொன்னோம். இனி, அம்மா பயப்படும் விஷயத்துக்கு வருவோம்.

இங்கிலாந்துப் பப்பில் "ரவுண்டு" என்று ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒருவர் எழுந்து போய், மேஜையில் உள்ள எல்லாருக்கும் வாங்கி வருவார். அது தீர்ந்ததும் இரண்டாமவர் வாங்குவார். பிறகு மூன்றாமவர். வாங்கிக் கொடுக்காமல் நழுவினால் மரியாதை இல்லை. பார்க்க நல்ல வழக்கம்போல் இருக்கிறது. பகிர்ந்து உண்ணுதல் என்றும் சொல்லலாம்.

ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் இருந்தால் நாலு ரவுண்டு. ஆளுக்கு நாலு கோப்பை! "பைண்ட்" என்ற பெரிய கோப்பையில் 568 மில்லி லிட்டர் பீர் பிடிக்கும். நாலு பைண்ட் என்றால் இரண்டேகால் லிட்டர்!

பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-ல் ஓர் எல்லை வகுத்தார்கள். குடிப்பவர்கள் வாரத்துக்கு 14 அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றார்கள். சாதாரண பீர் என்றால், சுமார் ஆறு பைண்ட். அதையும் ஒரே நாளில் குடிக்காமல், பல நாளாகப் பரப்ப வேண்டும் என்றார்கள். ஏழு நாளுக்குச் சொன்ன ஆறில், நாலை ஒரே மாலையில் முடித்துவிட்டால் என்ன ஆகும்?

பிள்ளைக்குக் குடிக்க விருப்பம் இருக்காது. ஆனாலும், "எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் எப்படி மறுப்பது?" என்று ஒரு கோப்பையைப் பிடிப்பான். படிக்கப் போன இடத்தில் பழக்கம் தொற்றிக்கொள்ளும். பயப்படுவதில் தவறு இல்லை.

வாசலில் நிற்பவர்கள்

குடிப்பவருக்கு வரும் கேடு ஒன்று. வர முடியாதவருக்கு வரும் நட்டம் இன்னொன்று. இரண்டாவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

குடியை மதம் தடுக்கிறது என்று ஒதுங்குபவர் அங்கே வரமாட்டார். குடியை விட்டு மீண்டவர் வரவே கூடாது; அவருக்கு அது கிணற்று விளிம்பு. பதினேழு வயதில் கம்ப்யூட்டரில் வல்லவனாக இருக்கும் பையனும் வருவது கடினம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு மது விற்பது அந்த நாட்டில் குற்றம்.

குழந்தை உள்ள தாயை நினைத்துப் பாருங்கள். அவளும் வெப்சைட் கட்டுகிறவள்தான். மாலை ஏழு மணி என்பது குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம். மதுவும் ஆண்கள் கூட்டமும் நிறைந்த மாடி அறைக்குத் தனியாக ஏறிப்போக அவளுக்கு மனம் வருமா?

இவர்கள் வரவில்லை. மாடியில் பாடம் நடக்கிறது. வேலைச் செய்தி பரவுகிறது. நட்பு உண்டாகிறது. எல்லாம் வந்தவர்களுக்கே! திறமை இருந்தும், மாடிப்படி ஏறாததால் சிலர் பின்தங்குகிறார்கள். வேண்டுமென்று யாரும் அவர்களைத் தள்ளவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே அவர்கள் தள்ளப்பட்டுவிட்டார்கள்.

காபியும் போதும்!

"மது இல்லாவிட்டால் பேச்சு வராது" என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தின் சரித்திரமே இதற்குப் பதில் சொல்கிறது.

17-ம் நூற்றாண்டில் லண்டன் நகரில் காபிக் கடைகள் பெருகின. எட்வர்ட் லாயிட் என்பவர் 1680-களில் ஒரு காபிக் கடை நடத்தினார். கப்பல்காரர்களும் வியாபாரிகளும் அங்கே கூடினார்கள். எந்தக் கப்பல் வந்தது, எது மூழ்கியது என்று பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் "லாயிட்ஸ்" என்ற உலகப் புகழ் பெற்ற இன்சூரன்ஸ் சந்தை வளர்ந்தது. "ஜொனாதன்ஸ்" என்ற இன்னொரு காபிக் கடையில் பங்கு வியாபாரிகள் கூடினார்கள். லண்டன் பங்குச் சந்தையின் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு கோப்பைக் காபியால் இன்சூரன்சும் பங்குச் சந்தையும் வளரும் என்றால், ஜாவாஸ்கிரிப்ட் வளராதா?

முன்பு சொன்ன ஹோம்புரூ கிளப்பையும் பாருங்கள். கூட்டம் தனியாக நடக்கும். முடிந்த பிறகு, விருப்பம் உள்ளவர்கள் "ஒயாசிஸ்" என்ற உணவு விடுதிக்குப் போய்ப் பீர் குடித்துக்கொண்டு பேசுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். பாடம் எல்லாருக்கும், கோப்பை விரும்பியவருக்கு மட்டும். இது நல்ல ஏற்பாடு.

லண்டனில் 2013-ல் "கோட்பார்" என்ற அமைப்பு தோன்றியது. இந்தத் தொழிலில் குறைவாக இருக்கும் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் அதில் ஒரு பாடம். பெயரில் "பார்" இருந்தாலும், பெரும்பாலும் கம்பெனிகளின் அலுவலகங்களில் கூடுகிறார்கள். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்.

நம் சென்னையிலும் உதாரணம் உண்டு. "லினக்ஸ்" என்ற கம்ப்யூட்டர் அமைப்பில் ஆர்வம் கொண்டவர்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் மாதக் கூட்டம் நடத்தினார்கள். கல்விச் சாலையில் கூடினாலும் கலகலப்பாகக் கற்கலாம்.

இயந்திரம் பதில் சொல்கிறதே!

இன்னொரு கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. "கூட்டமே எதற்கு?" என்கிறார்கள்.

2020-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, கொரோனா நோய் காரணமாகப் பிரிட்டனில் பப்களை மூடும்படி அரசு சொன்னது. இங்கிலாந்தில் ஜூலை 4-ந் தேதிதான் மறுபடி திறந்தார்கள். இடையில் கூட்டங்கள் திரைக்கு மாறின. வீட்டில் இருந்தபடியே பேசினார்கள். தொலைவில் உள்ளவர்களும் குழந்தை உள்ள தாய்மாரும் கலந்துகொள்ள முடிந்தது. அது ஒரு நன்மை.

ஆனால், திரையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூலையில் இருவர் ஒதுங்கிப் பேச முடியாது. "உன் முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை.

2022-ம் ஆண்டு நவம்பரில் "சாட்ஜிபிடி" வந்தது. அது போன்ற இயந்திரங்களிடம் ஜாவாஸ்கிரிப்டில் சந்தேகம் கேட்டால், நொடியில் பதில் வருகிறது. நள்ளிரவிலும் வருகிறது. சில சமயம் தவறாகவும் வருகிறது!

கேட்ட கேள்விக்கு இயந்திரம் பதில் சொல்லும். அனுபவம் உள்ள மனிதரோ முகத்தைப் பார்ப்பார். "தம்பி, இந்த வேலையே உனக்குத் தேவையில்லை. வேறு வழி இருக்கிறது" என்பார். "அந்தக் கம்பெனியில் சேராதே" என்பார். "எனக்கும் முதல் ஆண்டு இப்படித்தான் இருந்தது. பயப்படாதே" என்பார். அன்னிய நாட்டில், தனி அறையில், திரையோடு மட்டும் வாழும் பிள்ளைக்கு இந்த வார்த்தைகள் மருந்து போன்றவை.

என்ன செய்யலாம்?

நம் முடிவு இதுதான்: கூட்டம் வேண்டும். கோப்பை கட்டாயம் ஆகக் கூடாது.

கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

ஒரு மாதம் பப் என்றால், மறுமாதம் காபிக் கடையில் கூடுங்கள். நூலகத்தில் கூடுங்கள். அலுவலகத்தில் கூடுங்கள். ஒரு தடவையாவது சனிக்கிழமை பகலில் வைத்துப் பாருங்கள். குழந்தையோடு வருகிறவர்களுக்கு இடம் கொடுங்கள்.

பாடத்தை முதலில் வையுங்கள். பானத்தைப் பிறகு வையுங்கள். எட்டு மணிக்குப் புறப்படுகிறவர் எதையும் இழக்காமல் புறப்படட்டும்.

ரவுண்டு வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவரவர் விரும்பியதை அவரவர் வாங்கட்டும். "நீ ஏன் குடிக்கவில்லை?" என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டாம்.

புதிதாக வருபவரைக் கவனியுங்கள். எரிக் ஹோல்ஷர் என்பவர் 2017-ல் ஒரு நல்ல விதி சொன்னார். "பேக்மேன்" என்ற வீடியோ விளையாட்டில் ஒரு வட்ட முகம் வாயைத் திறந்துகொண்டு ஓடும். நண்பர்கள் வட்டமாக நின்று பேசும்போது, அந்த வாயைப் போல ஓர் இடைவெளி விட வேண்டும். இன்னும் ஒருவர் வந்து நிற்பதற்கு! அவர் வந்து நின்றதும், மறுபடி இன்னோர் இடைவெளி விட வேண்டும். காசு செலவு இல்லாத விதி. எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும்.

கூட்டத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: எலுமிச்சைப் பானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். கோப்பையில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டு யாரும் உங்கள் திறமையை அளக்க முடியாது. தெரியாததைக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். கடைசி ரெயிலுக்கு முன்னால் புறப்படுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: "அங்கே போகாதே" என்று தடுத்துவிடாதீர்கள். போன பிள்ளையிடம், "இன்று என்ன கற்றாய்? யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள். சொல்ல விஷயம் இருந்தால், அது நல்ல கூட்டம். சொல்ல ஒன்றும் இல்லை என்றால், "வேறு நல்ல கூட்டமாகப் பார்" என்று சொல்லுங்கள்.

தொழில் எதுவானாலும், அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகிறது. அது போய்ச் சேரும் வழியில் எல்லாரும் நடக்கும்படி இருக்க வேண்டும். பப் மாடியில் நடக்கும் பாடம் நல்ல பாடம்தான். அதைக் கேட்கும் ஆசை உள்ள எவரும் வாசலில் நின்றுவிடக் கூடாது!